முப்பத்திரண்டு கையெழுத்தும் ஆறு பேரும்

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். முனைவர் பட்டத்துக்குத் தீசிஸ் எழுதி முடித்திருந்த பெண். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா. அவளுடைய அம்மா. ஆறு வருடம் அவளுக்கு வழிகாட்டியதாகக் கணக்கில் இருக்கும் பேராசிரியர்; தாளில் நெறியாளர், எல்லார் வாயிலும் கைடு. மேற்கே ஒரு ஊரிலிருந்து வந்த வெளித் தேர்வாளர். புரொஜெக்டரைப் போட்டு அணைக்க ஒரு இளம் விரிவுரையாளர். ஏசி ஓடும் என்று வந்து உட்கார்ந்த இன்னொரு ஆய்வு மாணவி. கேன்டீனிலிருந்து டீ கொண்டுவந்தவர். ஒன்பதாவது ஆள் நான்.

இதை அன்றைக்கே நோட்டில் எழுதிவைத்தேன். யாரும் சொல்லி அல்ல. எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பீரோவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கோவில்பதாகையில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஜன்னலைச் சாத்தினேனா என்று வாட்ச்மேனுக்குப் போன் போடுவேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு, ஏதாவது தப்பு நடந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. அந்தப் பயம் வீண் என்று இதுவரை எதுவும் நிரூபிக்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஃபைல் தூக்கச் சேர்ந்தேன். ஃபைலைத் தூக்குகிறவள் ஒரு நாள் பிரித்துப் பார்ப்பாள் அல்லவா, பார்த்தேன். யாருக்கு எப்போது ஃபீஸ் கட்ட வேண்டும், யாருடைய ஆறு மாத அறிக்கை வரவில்லை, யாருடைய தீசிஸ் எந்த ஊர்த் தேர்வாளரின் மேஜையில் தூங்குகிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பேராசிரியர் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு இருப்பார். இதுவரை ஐந்து பேரைப் பார்த்துவிட்டேன். ஐந்து பேரும் என்னிடம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கே கையெழுத்துப் போடணும்?"

இவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாது என்பதை நம்ப எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று. பிறந்த தேதி கேட்ட கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்ட டாக்டர்களை எனக்குத் தெரியும். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று மட்டும் மறக்காமல் எழுதிவிடுவார்கள். பெயரையே மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் அப்பா திருநெல்வேலிக்காரர். முப்பது வருடமாகக் குவார்ட்டர்ஸ் வாசம். அந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வெள்ளானூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வாடகையைக் கேட்டு அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாளாம். பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிட்டத்தட்டக் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. முனைவர் பட்டத்துக்கான புரொவிஷனல் சர்டிபிகேட் கையில் இருந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. அந்தச் சர்டிபிகேட்டில் துணைவேந்தர் வியாழன் சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளியிலிருந்து அவர் ஊரில் இல்லை.

வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, திங்கட்கிழமை நடந்திருக்க வேண்டியது. திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தேர்வாளர் கைடுக்குப் போன் செய்தார். ரயிலைத் தவறவிட்டுவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்றார். அதற்குள் முப்பத்தைந்து பாக்ஸ் வந்து என் மேஜையில் ஏறியிருந்தது.

பாக்ஸ் என்றால் என்ன என்று வெளியாளுக்குத் தெரியாது. ஒரு பாதுஷா, ஒரு சமோசா, கொஞ்சம் சிப்ஸ், ஒரு ஜூஸ் பாக்கெட், ஒரு டிஷ்யூ பேப்பர். வைவா பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலை அறிக்கையோடு சேர்க்க வேண்டும். முப்பது கையெழுத்தாவது இருக்க வேண்டும் என்று எல்லா கைடும் சொல்வார்கள். வர ஒருவருக்கும் மனம் இருக்காது. அதனால் பட்டியலும் பாக்ஸும் ஒன்றாக அறை அறையாகப் போகும். கையெழுத்துப் போட்டால் பாக்ஸ். பாதுஷாவுக்குப் பதில் லட்டு என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். இதற்கெல்லாம் கைடுக்குப் பல்கலைக்கழகம் முன்பணம் தருகிறது. அதைக் கைடு வாங்கிக்கொள்வார். பாக்ஸுக்குக் காசு ஆய்வு மாணவர் கொடுப்பார். இது எங்கேயும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

"சார், தேர்வு நாளைக்குத்தான. பாக்ஸ ஃப்ரிட்ஜ்ல வச்சிடவா?" என்று கேட்டேன்.

"சமோசா நமத்துப் போயிடும்மா. இன்னைக்கே கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்துடுங்க."

"தேதி உதைக்கும் சார்."

"அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி. நீங்க ஏன் எல்லாத்துக்கும் டென்ஷன் ஆகுறீங்க?"

ஃபார்மாலிட்டி என்ற சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம் வேறு யாரோ ஒருவர் ராத்திரி தூங்காமல் கிடக்கப்போகிறார் என்று அர்த்தம்.

பட்டியல் போயிற்று. முப்பத்திரண்டு கையெழுத்தோடு திரும்பி வந்தது. முப்பத்திரண்டு பேரும், படித்தவர்கள் அல்லவா, கையெழுத்துக்குக் கீழே பழக்கதோஷத்தில் திங்கட்கிழமைத் தேதியை அழகாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் நேரமும் போட்டிருந்தார். புல முதல்வர், அதாவது டீன், தானாகவே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தேர்வாளருக்கென்று அந்தப் பெண் வாங்கி வைத்திருந்த சால்வையைப் பார்த்துச் சிரித்தார். கைடு வேறு வழியில்லாமல் அதை அவருக்கே போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டார். நடக்காத ஒரு தேர்வுக்குக் கூட்டம் வந்தது, டிபன் சாப்பிட்டது, மரியாதையும் வாங்கிக்கொண்டு போயிற்று. அந்தப் பெண் ஓரமாக நின்று எல்லாருக்கும் டிஷ்யூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹாலில் முன்வரிசை காலி. பாக்ஸ் நேற்றே கிடைத்துவிட்டதால் வர யாருக்கும் காரணம் இல்லை. தேர்வாளரைப் பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டிவந்தது, மறுபடியும் ஒன்பது பாக்ஸ், மறுபடியும் ஒரு சால்வை, தேர்வாளருக்கும் கைடுக்கும் மத்தியானச் சாப்பாடு எல்லாம் என் கைக்காசு. "அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிக்கோங்க" என்றார் கைடு. முந்தின நாள்தான் முதல் பாக்ஸுக்கு அவள் அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்து எண்ணிக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். என்னால் கேட்க முடியவில்லை.

அவள் நன்றாகவே பேசினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய தீசிஸ். கடைசியில் தேர்வாளர், வந்திருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். டீ கொண்டுவந்தவர் பிளாஸ்க்கையும் கப்புகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு போவதற்காக ஆரம்பத்திலிருந்து சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவர்தான் வாயைத் திறந்தார்.

"யம்மா, என் ஊட்டுக்காரி அங்கதான் பிரஸ் மிஷின் ஓட்டுது. ஓவர்டைம் காசு பாதிதான் கைக்கு வருது. அத எழுதிக்கீறியா இதுல?"

கைடு அவரை, ஏசி ரிமோட் திடீரென்று பேசியதுபோலப் பார்த்தார். தேர்வாளர் பேனாவை எடுத்துக் கேள்வியைக் கைப்பட அறிக்கையில் எழுதிக்கொண்டார். அவள் நாலாவது அத்தியாயத்தைத் திறந்து, எத்தனை பட்டறையில் அப்படி, எப்படிக் கணக்கைப் பிரிக்கிறார்கள் என்று தமிழிலேயே சொன்னாள். தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அம்மா அழுதாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. என் பையில் அந்த முப்பத்திரண்டு கையெழுத்து இருந்தது.

புதன் காலை ஃபைலைத் தேர்வுப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே சூப்பரண்டு அம்பத்தூர்க்காரர், பேப்பர் விஷயத்தில் அசைக்க முடியாத ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பட்டியலைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. வைவா செவ்வாக்கெழம. இவங்க திங்கக்கெழமையே வந்து உக்காந்துகினு இருந்தாங்களா?"

"சார்..."

"ராத்திரி எங்க படுத்தாங்க, ஹாலுலயா? மாமே, இங்க வந்து பாரு," என்று பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "முப்பத்திரெண்டு டாக்டரு. ஒருத்தருக்குக் கூடவா இன்னிக்கி இன்னா கெழமன்னு தெரியாது?"

"தெரிஞ்சுதான் சார் போட்டிருக்காங்க. அன்னிக்கி திங்கக்கெழமதான்," என்றார் பக்கத்து மேஜை.

ஃபைல் என் பக்கம் தள்ளப்பட்டது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் வராந்தாவில் நின்றிருந்தாள்.

"அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதும்மா" என்றேன். ஆகும் என்றுதான் என் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கைடிடம் போனோம். அவர் வெள்ளை மை பூசி முப்பத்திரண்டு தேதியையும் மாற்றச் சொன்னார். சூப்பரண்டு வெள்ளை மையைத் தொடவே மாட்டார் என்றேன். அப்படியானால் எல்லாரிடமும் புதிதாக வாங்குங்கள் என்றார். பாதிப்பேர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் கிளம்பிப் போயாயிற்று. அதையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப அடுத்த வாரம் பார்த்துக்கலாம். முப்பது இல்லாம ரூல்ஸ் ஒத்துக்காது."

"சார், எனக்கு வெள்ளிக்கிழமை வெரிபிகேஷன்," என்றாள் அந்தப் பெண்.

"இது போனா இன்னொரு வேலை வராமலா போயிடும்? நான் எல்லாம் எத்தனை இன்டர்வியூ பார்த்திருக்கேன் தெரியுமா?"

அவர் வேலைக்குச் சேர்ந்த கதை எனக்குத் தெரியும். அவர் மாமனார் அப்போது நிர்வாகக் குழுவில் இருந்தார். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் அவர் சொன்ன ரூல்ஸ் என்ற சொல் திரும்ப ஞாபகம் வந்தது.

ஆராய்ச்சி விதிமுறைப் புத்தகம் அறுபது பக்கம். இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதை விரல் வைத்து, புரியாததைப் போனில் தேடி, இரண்டு முறை முழுதாகப் படித்திருக்கிறேன். வைவா பகுதியில் ஒரே ஒரு வரிதான். கலந்துகொண்டவர்களின் பட்டியலை இணைக்க வேண்டும். எத்தனை பேர் என்று இல்லை. முப்பதும் இல்லை, மூன்றும் இல்லை. அதை எழுதின குழுவில் அந்தக் கைடும் ஒருவர். முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

புத்தகத்தைச் சூப்பரண்டு மேஜையில் வைத்து வரியைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். முன்பக்கம், பின்பக்கம் புரட்டினார்.

"அப்ப இந்த முப்பதுன்னு யாருமா சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"நானும் இருவது வருசமா எண்ணிகினு கீறேன்," என்றார். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "நெசமா எத்தினி பேரு இருந்தாங்க?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். பெண், கைடு, தேர்வாளர் போக ஆறு பேர்.

"அந்த ஆறு பேருகிட்ட இன்னிக்கித் தேதி போட்டு, நேத்து இருந்தோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கினு வா. கைடு அடியில சைன் பண்ணணும். நாளிக்கி மத்தியானம் மூணு மணி. அதுக்கு மேல எங்கிட்ட வராத."

விரிவுரையாளரும் மாணவியும் உடனே போட்டார்கள். டீக்காரர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அக்கா, நான் போட்டா அந்தப் பொண்ணோட பட்டம் கிட்டம் பூடாதே?"

"கடைசி வரைக்கும் நின்னது நீதான் நைனா. போடு."

"பிளாஸ்க்குக்காக நின்னேன்கா."

"அத யாரும் எழுதச் சொல்லல."

நான் போடும்போது எனக்கும் அதே பயம்தான். பதினோரு வருடமாக எத்தனையோ பட்டத்துக்கான ஃபைலைத் தூக்கியிருக்கிறேன், ஒன்றில்கூட என் பெயர் இருந்ததில்லை. படிப்பு என்ற கட்டம் அந்தத் தாளில் இல்லை என்பதை மறுபடி பார்த்துக்கொண்டு போட்டேன்.

அவள் அப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்டு. போவதற்கு முன்னால் ஆவடி பஸ் ஸ்டாண்டில் அவரையும் அம்மாவையும் பிடித்தேன். டிக்கெட் கவுன்டர் பக்கத்துத் திண்டில் தாளை வைத்து அவர் போட்டார். அம்மா தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

"பெரியவுக எல்லாம் கையெழுத்துப் போட்டாகளே, அது போதாதாம்மா?" என்று அவர் கேட்டார்.

"அது செல்லாதுங்க. நீங்க போட்டாத்தான் செல்லும்," என்றேன். அவர் நான் கிண்டல் செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

வியாழன் காலை கைடு முன்னால் தாளை வைத்தேன். வாசித்தார். டீக்காரர் பெயரில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"டீ கொண்டாந்தவரு சார்."

"கேன்டீன் ஆளு பேரு என் ஸ்காலர் ஃபைல்ல வர்றதா? அவ அப்பா அம்மா வேற. கல்யாண மொய் நோட்டா இது? எடுத்துடுங்க."

முந்தின ராத்திரி முழுக்க, அவர் இதைத்தான் சொல்வார் என்று படுத்தபடி பதில் தேடியிருந்தேன். கவலைப்படுகிறவளுக்கு உள்ள ஒரே லாபம் அதுதான். எது வரும் என்று முன்பே தெரிந்திருக்கும்.

"எடுத்துடலாம் சார். ஆனா அவரு கேட்ட கேள்விய எக்ஸ்டர்னல் சாரு கைப்பட ரிப்போர்ட்டுல எழுதிட்டாரு. கேட்டவரு லிஸ்ட்டுல இல்லன்னா, கேள்வி எங்கேருந்து வந்துச்சுன்னு சூப்பரண்டு கேப்பாரு."

அவர் டீக்காரர் பெயரிலிருந்து விரலை எடுத்தார்.

"திங்கக்கெழம லிஸ்ட் எங்கிட்டதான் இருக்கு சார். முப்பத்திரெண்டு பேரும் இருக்காங்க, டீன் சாரும் அதுல. கிழிச்சிடவா, ஃபைல்லயே வச்சிடவா?"

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்தத் தாளையும் கேட்காமல் கிழிக்க எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் கேட்டேன். ஆனால் அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதினார். தேதியை என்னிடம் கேட்டுப் போட்டார்.

இரண்டு நாற்பதுக்கு ஃபைல் உள்ளே போயிற்று. ஐந்தரைக்குத் துணைவேந்தர் அறையிலிருந்து சர்டிபிகேட் வந்தது. அந்தப் பெண் அதை வாங்கியபோது அவள் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நான்தான் முதலில் பார்த்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை வேலை அவளுக்கே கிடைத்தது. வெள்ளானூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஸ்வீட்டோடு வந்தாள். கைடு அறையில் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். "விடாம பின்னாடி நின்னு முடிச்சுக் கொடுத்தேன்" என்று அவர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது பேர் கணக்கு இப்போதும் ஒழியவில்லை. அடுத்த வைவாவுக்கும் பாக்ஸ் சுற்றியது. ஒரு மாற்றம் மட்டும்: தேதி போடாதீர்கள் என்று கைடு ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னார். படித்தவர்கள் பாடம் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

ஸ்வீட்டோடு வந்த அன்று, போகும்போது அவள் என் மேஜைக்கு வந்து, "அக்கா, அன்னைக்கு உங்க செலவு எவ்வளவு? சொல்லுங்க, நான் தர்றேன்," என்றாள்.

"நீ தரக் கூடாது" என்றேன். முன்பணம் வாங்கினவர் கைடு. செலவு செய்துவிட்டதாகக் கணக்கும் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. கார் அறுநூற்று ஐம்பது, பாக்ஸ் ஐந்நூற்று நாற்பது, சாப்பாடு முந்நூற்று அறுபது, சால்வை இருநூற்று ஐம்பது. ஆக ஆயிரத்து எண்ணூறு. நான் நாலு தடவை கேட்ட பிறகு, சில்லறை இல்லை என்று சொல்லி ஐந்நூறு கொடுத்தார். மாதம் ஒன்றாம் தேதி ஞாபகப்படுத்துகிறேன். "பண்ணிடலாம்மா" என்கிறார். அவரிடமிருந்து எனக்கு இன்னும் வர வேண்டியது ஆயிரத்து முந்நூறு ரூபாய்.